எங்கே பார்ப்பது என்று சொல்ல ஒருவர்

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கிராமம். தை மாதக் கடைசியில் மின்னொளி கபடிப் போட்டி. ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான் சூடு பிடிக்கிற வகை. தண்ணீர் தெளித்து மிதித்துக் கெட்டியாக்கிய மண் களம், நாலு மூலையிலும் சவுக்குக் கம்பத்தில் ஃபோகஸ் லைட், மேடையில் வரிசையாகக் கோப்பைகள், அவற்றுக்குப் பின்னால் மைக் பிடித்த ஒருவர். டிராக்டர் டிப்பர் மேல் முக்காலியை நிறுத்தி இரண்டு பையன்கள் யூடியூபில் நேரலை விட்டுக்கொண்டிருந்தார்கள். அதே டிப்பரில் எனக்கும் ஓரமாக இடம் கிடைத்ததால் களத்தையும் பார்க்க முடிந்தது, திரையையும் பார்க்க முடிந்தது. திரையின் மூலையில் 640 பேர் பார்ப்பதாக எண் காட்டியது.

மைக்காரர் ஒரே மூச்சில் நாலு வேலை பார்த்தார். "பாடி வர்றது ஏழாம் நம்பர், மூணாவது ரைடு, புள்ளி எடுத்தே ஆகணும்... லெஃப்ட் கார்னர் அரை அடி முன்னால வந்துட்டாரு, கவனிங்க... ஐயாயிரத்து ஒண்ணு அன்பளிப்பு வழங்கிய ரைஸ் மில் உரிமையாளருக்கு விழாக் குழு சார்பா நன்றி... புடிச்சாச்சு, கணுக்கால், புடிச்சாச்சு!" நன்கொடையாளர் பெயருக்கும் கணுக்காலுக்கும் நடுவே ஒரு நொடிதான் இருந்திருக்கும். ஆனால் கார்னர்காரரின் அரை அடியை அவர் முன்கூட்டியே சொல்லிவைத்ததால் எல்லார் கண்ணும் சரியான இடத்தில் இருந்தது.

அரையிறுதி நடக்கும்போது ஆம்ப்ளிஃபையர் புகைந்தது. மைக் செட்காரர் அதைக் கழற்றிச் சரிசெய்ய கால் மணி நேரம் ஆனது. விளக்கு அணையவில்லை, ஆட்டம் நிற்கவில்லை, படமும் போய்க்கொண்டுதான் இருந்தது. குரல் மட்டும் இல்லை. 640 என்பது 500 ஆகி, 400 ஆகி, 290-க்கு இறங்கியது. "சத்தம் வரல", "யாரு பாடுறது?", "ஸ்கோர் என்ன அண்ணே?" என்று கீழே வரிகள் ஓடின. சிங்கப்பூரிலிருந்து பார்த்த ஒருவர் மட்டும் விடாமல் எழுதிக்கொண்டிருந்தார்: கேமராவைக் கொஞ்சம் இடது கார்னர் பக்கம் திருப்பச் சொல்லி. அவருக்கு ஆட்டம் தெரியும். குரல் இல்லாமலும் அவரால் பார்க்க முடிந்தது. போனவர்கள் தெரியாதவர்கள்.

ஒரு ராத்திரி நடந்த ஒரு கோளாறை ஆய்வு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் குறைவாகப் பார்க்கப்படும் விளையாட்டுகளுக்கு நேரலையால் என்ன பயன் என்ற கேள்வியை அது வேறு பக்கமாகத் திருப்பி வைத்தது. வழக்கமாக இந்தப் பேச்சு கேமராவில் தொடங்கிப் பணத்தில் முடியும்: திரையில் வந்தால் விளம்பரதாரர் வருவார், விளம்பரதாரர் வந்தால் வீரருக்குச் சம்பளம் வரும். உண்மைதான். ஆனால் கேமராவுக்கும் பணத்துக்கும் நடுவே ஒரு மனிதர் இருக்கிறார். அவர் சரியாக அமைந்த இடங்களில் விளையாட்டுக்குப் பார்வையாளர்கள் உண்டானார்கள். அவர் இல்லாத இடங்களில் கேமராக்கள் வந்துவிட்டுப் போயின.

முதலில் ஒரு குழப்பத்தைத் தள்ளிவைக்க வேண்டும். குறைவாகப் பார்க்கப்படும் விளையாட்டு என்றால் குறைவாக ஆடப்படும் விளையாட்டு என்று பொருளில்லை. சடுகுடு ஆடாத ஊர் தமிழ்நாட்டில் எது? கேரம் போர்டு இல்லாத வாலிபர் மன்றம் எது? கிரிக்கெட் நமக்கு இயல்பாகவே புரிகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். அதையும் யாரோ சொல்லித்தான் கொடுத்தார்கள். சேப்பாக்கம் மைதானத்தின் வாசலைக்கூடப் பார்க்காத ஒரு தலைமுறை, வானொலியில் அப்துல் ஜப்பார், கூத்தபிரான் போன்றவர்களின் தமிழ் வர்ணனையைக் கேட்டே ஆட்டத்தின் சூட்சுமங்களைப் படித்துக்கொண்டது. டிரான்சிஸ்டரைக் காதோடு ஒட்டிக்கொண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்கு, பார்க்காத மைதானத்தில் யார் எங்கே நிற்கிறார் என்பது தெரிந்திருந்தது. தொலைக்காட்சி வந்தபோது கிரிக்கெட்டுக்குப் பழகிய கண்கள் தயாராக இருந்தன. மற்ற விளையாட்டுகளுக்கு அந்தப் பாடம் நடக்கவில்லை.

பாடம் நடந்த ஓர் இடம் இங்கிலாந்து, விளையாட்டு ஸ்னூக்கர். 1957-க்குப் பிறகு ஆறேழு ஆண்டுகள் அதில் உலகச் சாம்பியன் போட்டியே நடக்கவில்லை. அவ்வளவு நலிந்திருந்தது. 1967-ல் பிபிசியின் இரண்டாம் அலைவரிசை வண்ண ஒளிபரப்புக்கு மாறியபோது, வண்ணத்தின் அருமையைக் காட்ட மலிவான ஒரு நிகழ்ச்சி தேவைப்பட்டது. பச்சைத் துணி விரித்த மேசையில் பல நிறப் பந்துகள் உருளும் ஆட்டத்தைவிடத் தோதான வேறு எது? அலைவரிசையின் பொறுப்பில் அப்போது இருந்தவர், பிற்காலத்தில் காட்டுயிர்ப் படங்களால் உலகம் அறிந்த டேவிட் ஆட்டன்பரோ. 1969-ல் 'பாட் பிளாக்' தொடங்கியது. ஒரே ஒரு ஃபிரேம், அரை மணி நேரம். அது நேரலை அல்ல, பதிவுதான். ஆனால் பின்னால் வந்த நேரலைகளுக்கெல்லாம் கண்ணைத் தயார் செய்தது அதுதான்.

வர்ணனை செய்தவர் டெட் லோ. தொடக்க காலத்தில் வர்ணனையாளருக்கென்று தனி அறை கிடையாது. பார்வையாளர்களுக்கு நடுவே உட்கார்ந்து, ஆடுபவரின் காதில் விழாமல் பேச வேண்டியிருந்ததால் கிசுகிசுத்தார். அந்தக் கிசுகிசுப்பே அவர் முத்திரை ஆகிவிட்டது. கறுப்பு வெள்ளைப் பெட்டியில் பார்ப்பவர்களுக்கு உதவுவதாக நினைத்து, இளஞ்சிவப்புப் பந்து பச்சைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அவர் சொன்ன கதையை இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். பார்ப்பவருக்கு எது தெரியாது என்று யோசித்த வாய்தான் அப்படித் தவறும். இந்தப் பந்தை ஏன் அடிக்கிறார் என்று மட்டுமல்ல, அடுத்ததற்கும் அதற்கடுத்ததற்கும் வெள்ளைப் பந்தை எங்கே கொண்டுபோய் நிறுத்தப் பார்க்கிறார் என்று நல்ல ஸ்னூக்கர் வர்ணனையாளர் சொல்வார். அது புரிந்த நாளிலிருந்து பார்ப்பவரின் கண் பந்து விழுகிற குழியை விட்டு வெள்ளைப் பந்தைத் தொடரும். 1978 முதல் உலகச் சாம்பியன் போட்டியை பிபிசி நாள்தோறும் காட்டியது. 1985 இறுதியாட்டத்தில் டென்னிஸ் டெய்லரும் ஸ்டீவ் டேவிஸும் கடைசி ஃபிரேமின் கடைசிக் கறுப்புப் பந்துக்கு வந்து நின்றபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. 1 கோடியே 85 லட்சம் பேர் விழித்திருந்தார்கள். அவர்களைத் தயார் செய்யப் பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆட்டத்தின் படமே இல்லாமல் குரல் மட்டும் செய்த வேலைக்கும் ஒரு சான்று உண்டு. 1972-ல் ரெய்க்யவிக்கில் பாபி ஃபிஷரும் போரிஸ் ஸ்பாஸ்கியும் உலகச் சதுரங்கப் பட்டத்துக்கு ஆடினார்கள். அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் ஷெல்பி லைமன் என்ற சதுரங்க ஆசிரியர் சுவர்ப் பலகை ஒன்றின் முன் நின்றார். ஆடுபவர்களை நேரில் காட்ட வழியில்லை. ஐஸ்லாந்திலிருந்து நகர்த்தல் செய்தியாக வந்து சேரும், அவர் பலகையில் காயை மாற்றி வைப்பார். அடுத்த செய்தி வரும்வரை என்ன செய்வது? அடுத்து என்ன ஆடலாம் என்று விருந்தினர்களோடு சேர்ந்து ஊகிப்பார், தப்பாக ஊகிப்பார், தன்னைத் திருத்திக்கொள்வார். மணிக்கணக்கில் ஓடிய இந்த நிகழ்ச்சிக்குக் கூடிய கூட்டத்தை அந்தப் பொதுத் தொலைக்காட்சி அதற்கு முன் கண்டதில்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு கூடவே யோசிக்கிற ஒருவர் கிடைத்தால் மக்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். 2013 நவம்பரில் சென்னையில் ஆனந்தும் கார்ல்சனும் ஆடியதை நார்வேயின் அரசுத் தொலைக்காட்சி நேரலையாகக் காட்டியபோது, அந்த நாட்டுக் கடைகளில் சதுரங்கப் பலகைகள் தீர்ந்துபோனதாகச் செய்தி வந்தது. ஆட்டம் நடந்தது நம் ஊர் ஓட்டலில். பலகை தீர்ந்தது ஆஸ்லோவில்.

சதுரங்க நேரலைக்கு இன்று புதிதாக ஒரு வர்ணனையாளர் கிடைத்திருக்கிறார். வாய் இல்லாதவர். திரையின் ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஏறி இறங்கும் மதிப்பீட்டுப் பட்டை. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலகச் சதுரங்கப் பட்டத்துக்கான பதினான்காம் ஆட்டம். டிங் லிரென் ஒரு சிப்பாய் குறைவோடு, ஆனாலும் சமநிலைக்குப் போகக்கூடிய நிலையில் இருந்தார். ஐம்பத்தைந்தாவது நகர்த்தலில் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். பட்டை சடாரென்று கறுப்புப் பக்கம் சாய்ந்தது. உலகம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த லட்சக்கணக்கானவர்களுக்கு, ஒருகாலத்தில் மந்திரி எப்படிப் போகும் என்று மட்டும் தெரிந்துவைத்திருந்த என் சித்தப்பா உட்பட, டிங் தோற்றுவிட்டார் என்று தெரிந்துவிட்டது. தெரியாத ஒரே ஆள் எதிரே உட்கார்ந்திருந்த பதினெட்டு வயது குகேஷ். தான் வேறொரு நகர்த்தலை ஆடப்போகும் தருவாயில் இருந்ததாகவும், பிறகுதான் எதிராளியின் பிஷப் மாட்டிக்கொண்டதைக் கண்டதாகவும் அவரே பின்னால் சொன்னார். அந்தச் சில நொடிகளில் அவர் முகத்தைக் காட்டிய கேமராவுக்குச் சமமாக எதையும் நான் விளையாட்டு ஒளிபரப்பில் பார்த்ததில்லை. கண்கள் விரிகின்றன, உடம்பு நிமிர்கிறது, பிறகு எதுவுமே நடக்காததுபோல் தன்னை அடக்கிக்கொள்ளப் பார்க்கிறார். நேரலையின் மதிப்பு இந்த நொடிகளில் இருக்கிறது. முடிவு தெரிந்தபின் பார்ப்பவருக்கு இது வெறும் முகம்.

ஆனால் பட்டையிடம் எனக்கு ஒரு குறை உண்டு. அது தீர்ப்பைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. யானைகளை வெட்டிக்கொண்டபின் பிஷப்பும் கட்டாயமாக வெட்டுப்படும், மிஞ்சுகிற ராஜா-சிப்பாய் ஆட்டத்தில் கறுப்புக்கு ஒரு சிப்பாய் அதிகம் என்பதை மனிதர்தான் விளக்க வேண்டியிருந்தது. விளக்கம் கேட்டவர்கள் அடுத்த ஆட்டத்துக்கும் வந்தார்கள். பட்டையை மட்டும் பார்த்தவர்கள் பட்டம் வென்ற செய்தியோடு போய்விட்டார்கள் என்று நினைக்கிறேன். இன்னொன்று: சதுரங்கத்தில் நேரலை என்பதே முழு உண்மையாக இருக்க வேண்டியதில்லை. 2022 சிங்க்ஃபீல்ட் கோப்பையில், ஏமாற்று நடக்கலாம் என்ற சந்தேகம் கிளம்பியபின், ஒளிபரப்பைப் பதினைந்து நிமிடம் தாமதித்தே விட்டார்கள். பார்த்தவர்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. முடிவு யாருக்கும் முன்கூட்டித் தெரியாத வரைக்கும் அது நேரலைதான்.

இனி கபடி. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி சேர்க்கப்பட்டதிலிருந்து 2014 வரை ஏழு முறையும் ஆடவர் தங்கம் இந்தியாவுக்குத்தான். 1994 ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற அணியில் தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் ஆடினார். அர்ஜுனா விருதும் பெற்றார். கபடிக்காரர்கள் வட்டத்துக்கு வெளியே எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரிந்திருந்தது? அவர் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜின் 'பைசன்' 2025-ல் வந்தபிறகே பலர் தேடிப் பார்த்தார்கள். ஒருவர் ஆடிய ஆட்டத்தைப் பார்க்காமல், அவரைப் பற்றிய கதையை முப்பது ஆண்டு கழித்துப் பார்க்கிறோம். கிரிக்கெட்டிலும் இந்த இழப்பு உண்டு. 1983-ல் ஜிம்பாப்வேக்கு எதிராகக் கபில்தேவ் அடித்த 175-க்கு ஒளிப்பதிவே கிடையாது. ஆனால் கிரிக்கெட்டில் அது விதிவிலக்கு, கபடியில் அதுவே விதி.

2014 ஜூலை 26-ல் மும்பையில் எட்டு அணிகளோடு புரோ கபடி லீக் தொடங்கியது. முதல் பருவத்தை 43.5 கோடிப் பேர் பார்த்ததாக அறிவித்தார்கள். இந்த மாதிரி எண்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். சேனலைத் தாண்டிப் போகிற வழியில் சிறிது நேரம் நின்றவரும் இதில் கணக்குதான். இருந்தாலும் ஏதோ மாறியது உண்மை. மண் போய் விரிப்பு வந்தது கண்ணுக்குத் தெரிந்த மாற்றம். எனக்கு முக்கியமாகப் படுவது மறு ஒளிபரப்பு. ரைடரின் கால் கட்டைவிரல் எதிராளியின் முழங்காலை உரசிப் போனதா இல்லையா என்பதை மண் களத்தின் ஓரத்தில் நின்றவர்களில் பாதிப் பேர் பார்த்ததில்லை. ரெஃப்ரி கை தூக்கினால் நம்புவோம், இல்லாவிட்டால் சண்டை போடுவோம். மெதுவாக ஓட்டிக் காட்டியபோதுதான் இந்த ஆட்டம் எவ்வளவு நுட்பமான விரல் வேலை என்று கபடிக்காரர்களுக்கே தெரிந்தது. தொடர்ந்து இரண்டு ரைடு வெறுமனே போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அவுட் என்ற விதி, திரைக்கு முன் இருப்பவர் எழுந்து போகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு. அதைக் கிராமத்துப் போட்டிகளும் சுவீகரித்துவிட்டன. மைக்காரர் "மூணாவது ரைடு" என்று குரலை உயர்த்தியது அங்கிருந்து வந்ததுதான்.

திரைக்காக விதி மாறினால் ஒரு விலையும் உண்டு. 2023 அக்டோபர் 7, ஹாங்ஜோ ஆசிய விளையாட்டு இறுதி, இந்தியாவும் ஈரானும். 28-28. முடிய ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். பவன் செராவத் பாடிப் போனவர் யாரையும் தொடாமலே பக்கவாட்டு லாபிக்குள் கால் வைத்துவிட்டார். அவரைத் துரத்திய ஈரான் ஆட்டக்காரர்களும் லாபிக்குள் போனார்கள். பழைய சர்வதேச விதிப்படி தொடாமல் லாபிக்குள் போன எல்லாரும் அவுட். லீக்கில் பழகிய புதிய விதிப்படி கணக்கு வேறு. எந்த விதி செல்லும் என்பதே தகராறு. தீர்ப்பு முன்னும் பின்னும் மாறியது, இரண்டு அணியும் மாறிமாறிக் களத்தில் உட்கார்ந்துவிட்டன, ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றது. கடைசியில் இந்தியா 33-29. கபடி நேரலை வரலாற்றில் வர்ணனை மிகவும் தேவைப்பட்ட ஒரு மணி நேரம் அது. எனக்கு விஷயம் விளங்கியது ஒரு வாட்ஸப் குரல்பதிவில். மாவட்ட அளவில் ரெஃப்ரியாக இருந்த ஒருவர், பின்னணியில் குக்கர் விசில் அடிக்க, இரண்டரை நிமிடத்தில் இரண்டு விதியையும் பிரித்துச் சொல்லிவிட்டார்.

தமிழ் வர்ணனையைப் பற்றி இங்கே மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். தமிழில் விளையாட்டுச் சேனல் வந்ததும் கபடியைத் தமிழில் கேட்க முடிந்ததும் சிறிய காரியமல்ல. ஆனால் சினிமா வசனத்தையும் பஞ்ச் டயலாக்கையும் அடுக்கினால் உற்சாகம் வந்துவிடும் என்ற நம்பிக்கை வர்ணனை அறைகளில் குடியேறிவிட்டது. பிடி விழுந்தபிறகு கத்துவது எளிது. பிடி விழப்போகிற இடத்தை விழுமுன் காட்டுவதுதான் வேலை. கார்னரும் கவரும் கையைக் கோத்திருக்கிறார்களா விட்டுவிட்டார்களா, ரைடர் எந்தப் பக்கம் தோளைச் சாய்க்கிறார், களத்தில் ஆறு பேர் இருக்கிறார்களா, போனஸ் கோடு இப்போது செல்லுமா என்பதெல்லாம் மண்ணில் ஆடியவர்களுக்குத் தானாகவே வரும். அவர்களிடம் மைக்கைக் கொடுத்துப் பேசப் பழக்குவது, பேசத் தெரிந்தவருக்குக் கபடி பழக்குவதைவிடச் செலவு குறைந்த வழி. "பாடி வருகிறார்" என்ற சொல்லில் இருக்கிற மூச்சு "ரைடுக்கு வருகிறார்" என்பதில் இல்லை. மூச்சடக்கிப் பாடுவதுதான் ஆட்டம் என்பதையே அந்த ஒரு சொல் சொல்லித் தந்துவிடுகிறது.

ஆளே இல்லாமல் நேரலை விடலாம் என்ற யோசனையும் நடைமுறைக்கு வந்தாயிற்று. பந்தைத் தானாகப் பின்தொடரும் கேமராக்களைச் சிறு கிளப்புகள் மாட்டிக்கொள்கின்றன. 2020 அக்டோபரில் ஸ்காட்லாந்தில் இன்வர்னஸ் அணியின் கால்பந்து ஆட்டம் ஒன்றை இப்படிக் காட்டியபோது, கேமரா பந்தை விட்டுவிட்டு லைன்ஸ்மேனின் வழுக்கைத் தலையையே திரும்பத் திரும்பத் துரத்தியது. கோவிட் காலம், ரசிகர்களுக்கு மைதானத்தில் அனுமதியில்லை. வீட்டிலிருந்தவர்கள் தலையைத்தான் பார்த்தார்கள். அதற்காக இந்தக் கேமராக்களை ஒதுக்கிவிட முடியாது. ஒன்றுமே இல்லாத இடத்தில் அவை ஏதோ ஒரு படத்தையாவது தருகின்றன. மிச்சமாகிற பணத்தில் ஒரு வர்ணனையாளரை அமர்த்தினால் தலை எது, பந்து எது என்றாவது தெரியும்.

சட்டம் இந்த விஷயத்தில் கொஞ்ச தூரம்தான் வருகிறது. அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் சொன்னது கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கு ஒன்றில்தான். 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய முக்கியத்துவம் உள்ள போட்டிகளின் ஒளிபரப்பைத் தனியார் உரிமையாளர்கள் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும். ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு போன்றவை இதனால் தூர்தர்ஷனுக்கு வந்து சேர்கின்றன. ஏற்கெனவே யாரோ காசு கொடுத்து எடுக்கும் ஒளிபரப்பை எல்லாருக்கும் கொண்டுசேர்க்க இந்தச் சட்டம் உதவும். யாருமே எடுக்காத மாநிலப் போட்டிக்கு அது ஒன்றும் செய்யாது. லீக்குகளும் நம்பகமான வழி இல்லை. 2019-ல் புரோ வாலிபால் லீக் நேரலையாக வந்தது, சென்னை ஸ்பார்ட்டன்ஸ் கோப்பையைத் தூக்கியது, மறு ஆண்டு லீக்கே இல்லை. 2022-ல் வேறு பெயரில் வேறு லீக் வந்தது. பார்வையாளர் ஓர் ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள ஆண்டுகள் ஆகும். லீக்குகளுக்கு அந்தப் பொறுமை இருப்பதில்லை.

பெண்கள் ஆட்டத்தில் இந்தப் பொறுமையின்மை அப்பட்டமாகத் தெரியும். 2016-ல் புரோ கபடியோடு சேர்த்துப் பெண்களுக்கு மூன்றே அணிகளுடன் ஒரு சிறு தொடர் நடத்தினார்கள். ஹைதராபாத்தில் இறுதியாட்டம் 24-23 என்று ஒரே புள்ளியில் முடிந்தது. இதைவிட நல்ல விளம்பரத்தை யாரும் எழுதிக்கொடுத்துவிட முடியாது. ஆனால் அடுத்த ஆண்டு தொடர் நடக்கவில்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் தங்கம் வென்றபோது, அந்த அணியில் ஆடிய சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவை ஊரே கொண்டாடியது. கொண்டாடியவர்களில் பெரும்பாலோர் பார்த்தது அவர் ஆட்டத்தை அல்ல, விமான நிலையத்து மாலைகளை.

அன்றைய கிராமத்துப் போட்டியில் ஆண்கள் இறுதியாட்டம் முடியும்போது மணி மூன்றரை. கோப்பை கொடுத்தாயிற்று, பாதிக் கூட்டம் எழுந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் இரண்டு கல்லூரிப் பெண்கள் அணிகளுக்குக் காட்சிப் போட்டி என்று போட்டிருந்தார்கள். டிப்பர் மேலிருந்த பையன்கள் ஒயரைச் சுருட்டலாமா என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். பவர் பேங்கில் இன்னும் சார்ஜ் இருந்தது, விட்டுவிட்டார்கள். திரையில் 73 பேர். மைக்காரருக்கு அந்நேரம் நன்கொடைப் பட்டியல் தீர்ந்திருந்தது. படிக்கப் பெயர் இல்லை. அந்த இரவில் முதல்முறையாக அவர் ஆட்டத்தை மட்டும் பேசினார், தொண்டை கட்டிய குரலில், நிதானமாக, ஒவ்வொரு கால் வைப்பாக. ரைட் கவரில் நின்ற மூன்றாம் நம்பர் பெண் இடுப்பைப் பிடிக்கிற பாவனையில் வந்து தொடையைப் பிடிக்கிறார் என்று இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறை நாங்களே பார்த்தோம்.

திரையில் ஒரு வரி வந்தது: அந்த மூணாம் நம்பர் எந்த ஊரு? பையன் டிப்பரிலிருந்தே மேடைக்குக் கத்தினான். மைக்காரர் இறங்கிவந்து கோட்டோரம் நின்று மைக்கை நீட்டினார். அந்தப் பெண் முழங்காலில் கையூன்றிக் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து ஊர்ப் பெயரைச் சொன்னாள். மூச்சில் பாதி எழுத்து விழுங்கிப்போனது. சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லும்மா என்றார் அவர்.